தோட்ட மருத்துவமனையில் உழைச்செல்வான்

நோய் தீர்வதற்கு வேண்டிய உறுப்புகள் நான்கு என்று திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் முடிவுரையாகக் கூறுகின்றது. நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, பக்கத்திலிருந்து அம்மருந்தைத் தந்து பேணுபவன் என்பன அந்நான்கு. நான்காமவனுக்கு வள்ளுவர் இட்ட பெயர் 'உழைச்செல்வான்'. உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தில் நிற்பவன் என்பதே அப்பெயரின் பொருள். மருத்துவனையும் மருந்தையும் எந்நாட்டு நூலும் போற்றும். பக்கத்தில் நிற்பவனையும் அவற்றோடு ஒப்ப வைத்து எண்ணியது நம் மறையின் சிறப்பு.

இவ்வுழைச்செல்வானுக்கு நான்கு இயல்புகள் வேண்டும் என்பார் உரையாசிரியர் பரிமேலழகர். நோயாளியிடத்து அன்பு, மனமும் மொழியும் மெய்யும் தூயவாதல், சொல்லியவற்றைச் சொன்னவாறே செய்யும் வன்மை, அறிவு என்பன அவை. மூன்றாம் இயல்பைப் படிக்குங்கால் ஒரு வினா எழும். சொல்லியவற்றைச் செய்தல் என்றால், யார் சொல்லியவற்றை? மருத்துவன் சொல்லியவற்றை என்பதே உரையின் கருத்து. ஆனால், மருத்துவன் ஒன்றைச் சொல்ல, சம்பளம் கொடுப்பவன் வேறொன்றை விரும்பினால், பக்கத்தில் நிற்பவன் யார் பக்கம் நிற்பான்?

இவ்வினா ஏட்டில் மட்டும் எழுந்ததன்று. ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களிலும் மலாயாவின் மற்றத் தோட்டங்களிலும், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் ஒவ்வொரு நாள் காலையிலும் இவ்வினா எழுந்தது. அதற்கு விடை கூறச் சட்டங்கள் பல வேண்டியிருந்தன. அவ்வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

காடு அழிந்தது, காய்ச்சல் வந்தது

ஜொகூர் மாநிலத்தின் ஊடே செல்லும் இருப்புப்பாதை 1909இல் நிறைவுற்றது. அதன் இருமருங்கிலும் சிகாமட், குளுவாங், கூலாய் முதலிய வட்டாரங்களில் காடுகள் அழிக்கப்பெற்று ரப்பர் நடப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழ் மக்கள் கங்காணிமார் வழியே இத்தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தனர். இந்தியரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரும் முறை 1910இல் நிறுத்தப்பட்ட பின்னர், கங்காணி முறையே ஆட்களைத் திரட்டும் பெருவழியாயிற்று.

வந்தவர்களை முதலில் வரவேற்றது மலேரியாக் காய்ச்சல். கொசுவே அக்காய்ச்சலைப் பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்தராபாத்தில் கண்டறிந்தார். அவ்வுண்மையை மலாயாவின் மண்ணில் செயற்படுத்தியவர் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர். 1901இல் கிள்ளான் வட்டாரத்தில் பணியேற்ற அவர், சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டிக் காய்ச்சலைத் தணித்தார். ஆனால், கடற்கரைச் சமவெளியில் பயன்பட்ட முறை மலைச்சாரல் தோட்டங்களில் பயன்படவில்லை. அங்கே நோய் பரப்பிய கொசுவினம் வேறு. நிழல் நீங்கி வெயில் படும் தெளிந்த ஓடைநீரிலேயே அது முட்டையிடும். காடு நின்றவரை அடங்கியிருந்த அவ்வினம், மரம் சாய்ந்ததும் பெருகிற்று. ரப்பருக்காக நிலத்தைத் திருத்திய கைகளே, தாம் அறியாமல், காய்ச்சலுக்கும் வழிதிறந்தன என்பது எத்துணைக் கொடுமை!

கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் 1911ஆம் ஆண்டில் தொழிலாளர் இறப்பு ஆயிரவருக்கு அறுபதைத் தாண்டிற்று. மலேரியாவோடு கொக்கிப்புழுவும் வயிற்றுக்கடுப்பும் சேர்ந்துகொண்டன. உடலில் இரத்தமின்றி வெளுத்தவர்கள் பால் வாளியைச் சுமந்து நடந்தனர்.

சட்டம் பிறந்த வழி

இவ்விறப்புகள் இரக்கத்தை மட்டுமன்று, அச்சத்தையும் எழுப்பின. தோட்டத்துக்குப் போனவர் திரும்புவதில்லை என்ற செய்தி ஊருக்கு எட்டினால் ஆள் வருவது குறையும். இந்திய அரசும் கேள்வி கேட்கும். எனவே, கூட்டு மலாய் மாநிலங்களில் 1911இல் தோட்டத் தொழிலாளர் உடல்நலப் பாதுகாப்புச் சட்டமும், அடுத்த ஆண்டில் தொழிலாளர் சட்டத் தொகுப்பும் வந்தன. மருத்துவமனையும் மருந்தும் அளிப்பது தோட்ட முதலாளியின் கடமை என்பது அவற்றின் சாரம். 1922இல் இந்தியக் குடியேற்றச் சட்டம் வந்தபின், இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் கோலாலம்பூரில் தங்கித் தோட்டங்களைப் பார்வையிட்டு ஆண்டறிக்கை எழுதலானார். 1923ஆம் ஆண்டின் திருந்திய தொகுப்பு தாய்மார்க்குப் பேறுகால உதவியையும் விதித்தது.

இதே 1923ஆம் ஆண்டுத் தொகுப்புத்தான், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றும் விதித்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியும் தோட்டத்து மருத்துவமனையும் ஒரே சட்டத்தின் நிழலில் வளர்ந்த உடன்பிறப்புகள் என்பதை ஆசிரியப் பெருமக்கள் நினைவிற்கொள்ளத் தகும். இரண்டின் வாழ்வும் ஒரே கையில் இருந்தது. முதலாளி மனம் வைத்தால் கட்டடம் எழும்; ரப்பர் விலை வீழ்ந்தால் முதலில் மெலிவனவும் இவையிரண்டே.

ஜொகூர், கூட்டு மாநிலங்களுள் ஒன்றன்று. 1914இல் பிரிட்டிஷ் பொது ஆலோசகரை ஏற்றுக்கொண்ட பின்னரும் அது தனியரசாகவே விளங்கிற்று. ஆதலின், கோலாலம்பூரில் இயற்றிய சட்டம் ஜொகூருக்குத் தானாகச் செல்லாது. அதே போக்கில் அமைந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஒன்று பின்னர் ஜொகூருக்கெனத் தனியே இயற்றப்பட்டது. நோய்க்கு மாநில எல்லை தெரியாது. சட்டத்துக்கோ எல்லைக்கல் உண்டு. ஓர் ஏழைத் தொழிலாளி பெறும் பேணுதல், அவன் இறங்கிய இரயில் நிலையம் எந்த மாநிலத்தது என்பதைப் பொறுத்தும் அமைந்தது.

முதலாளிமார் அனைவரும் கல்நெஞ்சர் என்று கூறுவது முறையாகாது. பல தோட்டங்கள் ஒன்றுசேர்ந்து கூட்டு மருத்துவமனைகளை அமைத்து நன்கு நடத்தியதும் உண்டு. ஆயினும், கூட்டு மாநிலங்களில் 1926இல் சுகாதார வாரியச் சட்டம் கொண்டுவரப்பட்டபோது, செலவைக் காட்டித் தோட்டக்காரர்கள் எதிர்த்தனர். பொருளாதார மந்தம் தொடர்ந்தது, அத்திட்டம் கைவிடப்பட்டது. உடல்நலம் செலவுக் கணக்கில் எழுதப்படும்வரை அதன் கதி இதுதான்.

ஒரு பணியாளன், மூன்று கடமைகள்

இனி, உழைச்செல்வானிடம் வருவோம். தோட்டத்து மக்கள் அவரை 'டிரஸ்ஸர்' என்றே அழைத்தனர். புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுபவர் என்பது அப்பெயரின் பிறப்பு. பிற்காலத்தில் 'ஹாஸ்பிட்டல் அசிஸ்டெண்ட்' என்னும் பெயர் வந்தும், லயத்து மக்களின் நாவில் டிரஸ்ஸர் ஐயாவே நின்றார். தோட்டத்து நடுத்தரப் பதவிகளில் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் மிகுதியாக இருந்தது போலவே இப்பதவியிலும் இருந்தனர்.

மருத்துவர் பல தோட்டங்களுக்குப் பொதுவானவர். குறித்த நாளில் வந்து பார்த்துச் செல்பவர். ஏனைய நாளெல்லாம் டிரஸ்ஸரே மருத்துவர், தாதி, மருந்து கலப்பவர், சுகாதார மேற்பார்வையாளர். கொயினா கொடுப்பதும், கால்வாயில் எண்ணெய் தெளிக்கப்பட்டதா என்று பார்ப்பதும், அம்மை குத்துவதும் அவர் பொறுப்பில் அடங்கின.

அவருடைய இக்கட்டு மருந்தில் இல்லை. காலைப் பிரட்டில் இருந்தது. பொழுது புலருமுன் ஆட்கள் வரிசையில் நிற்பர். ஒருவன் தனக்கு உடம்பு சரியில்லை என்பான். அவன் நோயாளியா, வேலைக்கு மட்டம் போடுபவனா என்பதைச் சொல்ல வேண்டியவர் டிரஸ்ஸர். நோயாளி என்றால் அன்றைய மரங்கள் சீவப்படாமல் நிற்கும். துரையின் முகம் சுளிக்கும். நோயாளி இல்லை என்றால் காய்ச்சலோடு அவன் மலையேறுவான். வேலை செய்த நாளுக்கே கூலி என்ற காலத்தில், நோயை மறைத்து வேலைக்குப் போனவர்களும் பலர். அவர்களைத் தடுத்தால் அடுப்பு எரியாது. தடுக்காவிட்டால் உயிர் நிலைக்காது. இவ்வாறு, நோயாளிக்கு ஒரு கடமை, மருத்துவருக்கு ஒரு கடமை, சம்பளம் தரும் தோட்டத்துக்கு ஒரு கடமை என மூன்றும் ஒருவர் தோளில் ஏறின.

தாதிமை நூலார் 'எளிதில் ஊறுபடும் மக்கள்' என்று ஒரு வகுப்பாரைச் சுட்டுவர். குழந்தைகள், கருவுற்றோர், முதியோர், மனநோயாளர், வறியோர், வேற்று நாட்டில் மொழியறியாது வாழ்வோர் முதலியோர் அவ்வகுப்பில் அடங்குவர். தோட்டத்து லயத்தில் இவர்கள் அனைவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தனர். அவர்கள் குடியிருந்த வீடு முதலாளியுடையது, குடித்த நீர் அவர் கொடுத்தது, மருத்துவமனை அவருடையது. டிரஸ்ஸர் தவறு செய்தால் முறையிட வேண்டிய இடமும் அவருடைய அலுவலகமே. வேறு மருத்துவரை நாடலாம் என்றால் நகரம் தொலைவு. அன்றைய கூலியும் போகும். நோயாளிக்குத் தேர்வுரிமை இல்லாத இடத்தில், பக்கத்தில் நிற்பவனுடைய மனச்சான்று ஒன்றே காவல். அவர் நல்லவராக வாய்த்த தோட்டம் பிழைத்தது. அவ்வாறு வாய்க்காத தோட்டத்தில் மக்கள் மருத்துவமனையைக் கண்டே அஞ்சினர். அஞ்சியவர்கள் நோய் முற்றிய பின்னரே வந்தனர். முற்றிய பின் வந்ததால் இறந்தனர். இறந்ததைக் கண்டு மற்றவர்கள் மேலும் அஞ்சினர். இச்சுழலை உடைப்பதற்கு மருந்தைவிட நம்பிக்கையே தேவையாயிற்று.

போர் வைத்த தேர்வு

சட்டம் எல்லாம் சாய்ந்துவிட்ட காலத்தில் உழைச்செல்வான் கடமை என்னவாகும்? இதற்கும் ஜொகூர் ஒரு சான்று வைத்திருக்கிறது. ஜொகூர் பாருவுக்கு அருகே தம்போயில் 1930களின் பிற்பகுதியில் மனநல மருத்துவமனை எழுந்தது. இன்று அது பெர்மாய் மருத்துவமனை எனப் பெயர் பெற்றுள்ளது. 1941ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியப் படையின் 13ஆம் பொது மருத்துவமனை அக்கட்டடங்களில் இயங்கிற்று. ஜப்பானியர் நெருங்கவே, 1942 ஜனவரியில் அது சிங்கப்பூருக்குப் பின்வாங்கியது. பிப்ரவரி 12ஆம் நாள் 65 ஆஸ்திரேலியத் தாதியர் 'வைனர் புரூக்' என்னும் கப்பலில் அனுப்பப்பட்டனர். 14ஆம் நாள் அக்கப்பல் குண்டுவீச்சில் மூழ்கிற்று.

கரை சேர்ந்தவர்களுள் 22 தாதியர் பங்கா தீவின் கடற்கரையில் காயமுற்றோரைப் பேணிக்கொண்டு தங்கினர். அவர்களுள், தம்போயில் பணியாற்றிய தலைமைத் தாதி ஐரின் டிரம்மண்டும் இருந்தார். 16ஆம் நாள் ஜப்பானியச் சிப்பாய்கள் காயமுற்றோரைக் கொன்றனர். தாதியரைக் கடலுக்குள் நடக்கச் செய்து பின்னிருந்து சுட்டனர். 21 பேர் மாண்டனர். குண்டு பாய்ந்தும் உயிர்தப்பியவர் விவியன் புல்விங்கல் ஒருவரே. அவரும் தம்போய்த் தாதியருள் ஒருவர். 1946இல் தோக்கியோப் போர்க்குற்ற நீதிமன்றத்தில் அவர் சான்று கூறினார். போரில் காயமுற்றோரையும் அவர்களைப் பேணுவோரையும் தாக்கலாகாது என்னும் ஜெனீவா உடன்படிக்கை 1929லேயே இருந்தது. 1949இல் அது மேலும் விரிவாக்கப்பட்டது. 1962இல் மலாயா அவ்வுடன்படிக்கைகளை ஏற்றது.

அதே போர்க்காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே சிறைப்பட்ட வெள்ளைச் சிப்பாய்களிடையே அவர்களுடைய படை மருத்துவர்கள் இருந்தனர். ஆசியத் தொழிலாளர்க்கோ அத்தகைய அமைப்பு இல்லை. காலராவும் மலேரியாவும் அவர்களை வாரிக்கொண்டு போயின. தம்போய்த் தாதியரின் பெயர்கள் அனைத்தும் நினைவுக் கற்களில் உள்ளன. சயாம் காட்டில் மாண்ட தமிழருடைய பெயர்களை முழுமையாகத் தரும் பட்டியல் இல்லை. பக்கத்தில் நிற்க ஒருவர் இல்லாதபோது, மாண்டவரின் பெயரைச் சொல்லவும் ஒருவர் இல்லாது போகிறார்.

பதிவேடும் பொறுப்பும்

போருக்குப் பின் உலகம் ஒரு பாடம் கற்றது. நல்ல மனத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாது. கேள்வி கேட்கும் அமைப்பு வேண்டும். மலாயாவில் தாதியர் பதிவுச் சட்டம் 1950இல் பிறந்தது. தகுதி பெற்றோர் பெயர் பதிவேட்டில் ஏறும். கடமை தவறினால் அப்பெயர் நீக்கப்படலாம் என்பது இத்தகைய சட்டங்களின் அடிப்படை. உலகத் தாதியர் மன்றம் 1953இல் பிரேசில் நாட்டின் சாவ் பாவ்லோ நகரில் கூடித் தாதியர் ஒழுக்க நெறிகளை வகுத்தது. உயிரைக் காத்தலும் துன்பம் தணித்தலும் அவர்தம் கடன் என்றும், இனம், சமயம், நிறம், சமூக நிலை பாராது அது ஆற்றப்பட வேண்டும் என்றும் அந்நெறி கூறிற்று.

நகரத் தாதிக்குச் சட்டம் வந்தது. தோட்டத்து டிரஸ்ஸருக்கு? அரசாங்கம் கிராமந்தோறும் சுகாதார நிலையங்களை அமைத்து வந்த காலத்தில், தோட்டங்கள் தனியார் நிலம் என்ற காரணத்தால் பெரும்பாலும் அவ்வலைக்கு வெளியே நின்றன. 1950களில் தோட்டத் துண்டாடல் வேறு தொடங்கிற்று. பெருந்தோட்டங்களை வாங்கியோர் அவற்றைக் கூறுபோட்டு விற்றனர். உங்கு அஜிஸ் தலைமையில் இதனை ஆராய்ந்த அறிக்கை 1962இல் வெளிவந்தது. நிலம் துண்டாகும்போது மருத்துவமனையைத் துண்டாக்க இயலாதன்றோ? பலவிடங்களில் அது மூடப்பட்டது.

இந்நிலையில், 1965ஆம் ஆண்டில் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. எழுத்தில் சிறியதாயினும் பொருளில் பெரிய சட்டம் இது. அதுவரை டிரஸ்ஸர் தோட்டத்தின் ஊழியர். இப்போது அவர் பதிவேட்டில் பெயர் ஏறிய தொழிலர். அவர் தகுதியைச் சொல்லும் உரிமை துரையிடமிருந்து பதிவு வாரியத்துக்கு மாறிற்று. ஓர் ஊழியனை எசமானன் நீக்கலாம். ஆனால், எசமானன் சொன்னான் என்பதற்காகத் தொழில்நெறியை மீறியவன், இனி வாரியத்துக்கு விடை கூற வேண்டும். 'யார் சொல்லியவற்றை' என்னும் பழைய வினாவுக்கு நாட்டின் சட்டம் கூறிய விடை இதுவே. நெறி தவறிய கட்டளைக்குப் பணிய மறுக்கும் டிரஸ்ஸருக்கு இச்சட்டம் ஒரு கேடயமாகவும் அமைந்தது. மருத்துவச்சிகளுக்கு 1966லும், அரசாங்க மருத்துவ உதவியாளர்க்கு 1977லும் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. தாதியர் வாரியம் 1998இல் தொழில் ஒழுக்கக் கோவை ஒன்றை வெளியிட்டது. தம்போய் போன்ற இடங்களில் உள்ளோரின் உரிமைகளைக் கூறும் மனநலச் சட்டம் 2001இல் இயற்றப்பட்டு, 2010இல் நடைமுறைக்கு வந்தது.

1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம், தோட்டத்து மருத்துவ வசதியையும் குழந்தைகள் காப்பகத்தையும் முதலாளியின் பொறுப்பில் வைத்தது. தாய்மார் பாலெடுக்கச் செல்லும்போது குழந்தையை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகையே அக்காப்பகம். பேறுகால விடுப்பு, நெடுங்காலம் 60 நாளாக இருந்து, 2023 ஜனவரி முதல் 98 நாளாயிற்று. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் எத்தனை தாய்மார் இருந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.

இன்று லயத்தில் யார்?

ஜொகூர்த் தோட்டங்களில் இன்று ரப்பரைவிடச் செம்பனையே மிகுதி. லயங்களில் வாழ்ந்த தமிழர் பலர் நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். அவர்கள் இடத்தில் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர் முதலியோர் உழைக்கின்றனர். மொழியறியா நாடு, பிறர் கொடுத்த குடியிருப்பு, நோயைச் சொன்னால் வேலை போகுமோ என்ற அச்சம் என நம் பாட்டன்மார் பட்ட பாடுகள் மூன்றும் அவர்களுக்கும் உண்டு. 2019இல் மேற்கண்ட வீட்டுவசதிச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டத் துறைக்கு அப்பாலும் விரிவாக்கப்பட்டது. சட்டம் விரிந்தது, நோயாளியின் மொழியில் அவனிடம் பேசி, அவன் இசைவு பெற்று, அவன் மறைசெய்தியைக் காக்கும் உழைச்செல்வான் கிடைத்தானா என்பதே எஞ்சிய கேள்வி. தமிழறிந்த டிரஸ்ஸர் ஒருவரின் சொல்லால் உயிர்பிழைத்த குடும்பத்தார், அதன் அருமையைப் பிறர்க்கு எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர்கள்.

ஆசிரியர்கள் செய்யத் தக்க பணி ஒன்று உண்டு. தோட்ட மருந்தகங்களின் பதிவேடுகளில் யார் எந்நாளில் என்ன நோயோடு வந்தார், எவ்வளவு கொயினா கொடுக்கப்பட்டது, யார் திரும்பிச் சென்றார், யார் செல்லவில்லை என்ற செய்திகள் உள்ளன. தோட்டம் கைமாறுந்தோறும் அவை குப்பையாகின்றன, கரையானுக்கு இரையாகின்றன. பணி ஓய்வு பெற்ற டிரஸ்ஸர்களும் மருத்துவச்சிகளும் ஆயாமாரும் முதுமையில் இருக்கின்றனர். உயர்வகுப்பு மாணவர்களை அவர்களிடம் அனுப்பி, கேட்டு எழுதி வரச் செய்யலாம். பழைய பதிவேடு ஒன்று கிடைத்தால் அதனைப் படியெடுத்து நூலகத்தில் வைக்கலாம். எழுதும்போது நோயாளிகளின் பெயரை மறைத்து எழுதப் பழக்குதலும் வேண்டும். பிறர் நோயைப் பொதுவில் சொல்லலாகாது என்னும் தாதிமை அறத்தை, மாணவர் அப்பணியிலேயே கற்றுக்கொள்வர்.